எரிசக்தி பத்தி ஜனங்களுக்கு நிஜமா என்ன தெரியும்? கேள்வித்தாள் போட்டு சோதிக்க முழுமையான வழிகாட்டி

நான் முதல் தடவை எரிசக்தி பத்தி ஒரு க்விஸ் போட்டப்ப 20 கேள்வி வச்சேன். எல்லாரும் சராசரியா 14, 15 வாங்கிட்டாங்க, எனக்கு ஒரே சந்தோஷம், பரவால்லயே ஜனங்க நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்காங்கன்னு. முடிஞ்சதும் சும்மா பேசிட்டு இருந்தப்ப 17 வாங்குன ஒருத்தர் கேக்குறார், "அணு உலையில அந்த பெரிய கோபுரத்துல இருந்து வெள்ளையா புகை வருதே, அதுல கதிர்வீச்சு எவ்ளோ இருக்கும்?"னு. அது புகையே இல்லங்க. தண்ணிய ஆற வைக்குற கோபுரம் அது, மேல போறது நீராவி, அதே மாதிரி கோபுரம் நிறைய நிலக்கரி மின் நிலையத்துலயும் நிக்கும். 20க்கு 17 வாங்குனவர் தலைக்குள்ள இப்படி ஒரு தப்பு நிம்மதியா உக்காந்திருக்கு, என் கேள்வித்தாள் அத தொடவே இல்ல. ஏன்னா என் கேள்வி எல்லாம் "கீழ்க்கண்டவற்றுள் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் எது" ரகம், பள்ளிக்கூட புத்தகத்துல பாத்த வரிய ஞாபகம் வச்சிருந்தாலே மார்க்.

அதுக்கப்புறம் பல தடவை மாத்தி மாத்தி போட்டு பாத்து கத்துக்கிட்டததான் இங்க எழுதுறேன். வகுப்புல போடுறவங்க, ஏதாவது அமைப்புக்காக சர்வே எடுக்குறவங்க, ஆராய்ச்சிக்கு எடுக்குறவங்க எல்லாருக்கும் ஆகும். என் கட்சி ஒன்னே ஒன்னு, இப்பவே சொல்லிடுறேன்: ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரியலங்கறது சின்ன பிரச்சனை, சொல்லிக் குடுத்தா முடிஞ்சுது. தப்பா தெரிஞ்சு வச்சுக்கிட்டு அதுல உறுதியாவும் இருக்காரு பாருங்க, அத கண்டுபிடிக்கத்தான் இவ்ளோ மெனக்கெடல்.

இது புது விஷயமும் இல்ல. அமெரிக்காவுல 2001ல எடுத்த ஒரு பெரிய கணிப்புல முக்கால்வாசி பேர் எங்களுக்கு எரிசக்தி பத்தி ஓரளவாவது, இல்லன்னா நிறையவே தெரியும்னு சொன்னாங்க, ஆனா அடிப்படை கேள்வித்தாள்ல தேறுனது 12 சதவீதம். அந்த 12ஐ விட அதுக்கும் அந்த முக்கால்வாசிக்கும் நடுவுல இருக்குற இடைவெளிதான் எனக்கு பெருசா படுது.

படி 1: எத சோதிக்கப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

"எரிசக்தி அறிவு"ன்னு பொத்தாம் பொதுவா ஆரம்பிச்சா கேள்வித்தாள் கதம்பமா ஆயிடும். நான் நாலு அறையா பிரிச்சுக்குவேன். எங்க இருந்து வருது (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, அணு, நீர், காத்து, சூரியன், விறகு), எப்படி மாறி நம்மகிட்ட வருது, எதுல எவ்ளோ செலவாகுது, அதனால என்ன பாதிப்பு. பாதிப்புன்னு சொல்லும்போது காலநிலை மாத்தம் மட்டும்னு நிறுத்திடாதீங்க, காத்து மாசு, சுரங்க விபத்து, அணைக்காக ஊர காலி பண்றது, கழிவு, தண்ணி செலவு எல்லாமே அதுக்குள்ளதான் வரும்.

இன்னொன்னு, அறிவு வேற, கருத்து வேற, பழக்கம் வேற. "அணு மின்சாரம் வேணுமா வேணாமா" கருத்துக் கேள்வி, அதுக்கு சரி தப்பு கிடையாது, அதுக்கு மார்க் போட்டீங்கன்னா நீங்க சோதிக்கறது அவங்க உங்க கட்சியா இல்லையாங்கறதத்தான். கிளார்க்சன் பல்கலைக்கழகத்துல ஜான் டிவாட்டர்ஸும் சூசன் பவர்ஸும் நியூயார்க் மாநில பள்ளி மாணவர்கள்கிட்ட எடுத்த ஆய்வு 2011ல வந்துச்சு, அதுல இந்த மூணையும் தனித்தனியா அளந்தாங்க. அக்கறை பகுதியில சராசரி 73 சதவீதம், பழக்கத்துல 65, அறிவுல வெறும் 42. மூணையும் ஒன்னா கலந்து ஒரே மார்க்கா போட்டிருந்தா "சுமாரா பரவால்ல"ன்னு ஒரு எண் வந்திருக்கும், அக்கறை இருக்கு ஆனா விவரம் இல்லங்கற சங்கதியே வெளிய தெரிஞ்சிருக்காது. உங்களுக்கு கருத்தும் வேணும்னா தாராளமா கேளுங்க, ஆனா தனிப் பகுதியா, அறிவு கேள்வி எல்லாம் முடிஞ்சப்புறம் கேளுங்க.

படி 2: கேள்விக்கு முன்னாடி விடைய எழுதுங்க

தலைகீழா இருக்கேன்னு தோணும், ஆனா இதுலதான் பாதி கேள்வித்தாள் சறுக்குது. கேள்வி எழுதறது ஈசி, "எது சுத்தமான எரிசக்தி?"னு அரை நிமிஷத்துல எழுதிடலாம். விடை எழுத உக்காந்தாத்தான் எதுல சுத்தம்னு முழி பிதுங்கும். கார்பன்லயா, தூசியிலயா, கழிவுலயா? ஓடும்போது வர்றது மட்டுமா, இல்ல சுரங்கத்துல தோண்டுறதுல இருந்து கடைசியில கழட்டிப் போடுற வரைக்குமா?

ஒவ்வொரு விடைக்கும் பக்கத்துல மூணு விஷயம் எழுதி வையுங்க: எந்த வருஷத்து எண், என்ன அளவுகோல், எவ்ளோ முன்ன பின்ன போகலாம். உதாரணமா, ஐபிசிசி (ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழு) 2014 அறிக்கையில முழு ஆயுள் கணக்குல ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகுற பசுங்குடில் வாயுவோட (பூமிய சூடாக்குற கார்பன் மாதிரி வாயுக்கள்) நடு மதிப்பு இப்படி: நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490, பெரிய சோலார் நிலையம் 48, நீர்மின் 24, அணு 12, நிலத்துல நிக்குற காத்தாலை 11. இதுல அணுவுக்கும் காத்தாலைக்கும் எது கம்மின்னு கேக்குறது அநியாயம், ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான், ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆனா எரிவாயுவா அணுவா எது அதிகம்னு தைரியமா கேக்கலாம், நாப்பது மடங்கு வித்தியாசம் எந்தக் கணக்குலயும் தலைகீழா மாறாது. சண்டை வராத அளவுக்கு இடைவெளி உள்ள இடத்துல மட்டும் கேள்வி வையுங்க.

வருஷா வருஷம் மாறுற எண்ணுக்கும் இதே எச்சரிக்கைதான். 2023ல உலக மின்சாரத்துல சோலார் பங்கு சுமார் 5.5 சதவீதம், காத்தாலை 8க்கு கொஞ்சம் கம்மி, நிலக்கரி 35 கிட்ட. சோலார் போற வேகத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு அதே விடைத்தாள வச்சு திருத்துனீங்கன்னா சரியா சொன்னவனுக்கு தப்பு போடுவீங்க. முடிஞ்சா வரிசைய கேளுங்க, இல்லன்னா வருஷத்த கேள்விக்குள்ளயே போடுங்க.

அப்புறம் எல்லாரும் மாட்டுற பெரிய குழி ஒன்னு இருக்கு: மின்சாரம் வேற, எரிசக்தி வேற. உலகம் செலவு பண்ற மொத்த எரிசக்தியில சுமார் 80 சதவீதம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு. மின்சாரத்துல மட்டும் பாத்தா 2023ல அது 60 சொச்சம். கேள்வி எழுதுறவரே இத குழப்பி வச்சிருந்தா பதில் சொல்றவர் என்னதான் பண்ணுவார்.

படி 3: தப்பு எண்ணங்கள வேட்டையாடுங்க

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் இதுதான், நேரமும் இதுலதான் அதிகம் போகும். கேள்வித்தாள தொடறதுக்கு முன்னாடி ஒரு பத்து பதினஞ்சு பேர்கிட்ட ஆப்ஷன் எதுவும் இல்லாம சும்மா பேச்சு குடுங்க. "சோலார் தகடு எப்படி வேலை செய்யுது, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுங்களேன்", "அணு மின்சாரத்துல என்ன ஆபத்துன்னு நினைக்கிறீங்க?" அவ்ளோதான். குறுக்க பேசாதீங்க, திருத்தாதீங்க, அவங்க வார்த்தைய அப்படியே எழுதிக்கோங்க. நாளைக்கு உங்க தவறான ஆப்ஷன் எல்லாம் இந்த நோட்டுல இருந்துதான் வரணும், உங்க கற்பனையில இருந்து வந்தா யாரும் அத தேர்வு செய்ய மாட்டாங்க.

அடிக்கடி மாட்டுற சிலத சொல்றேன். அணு உலை நிறைய கார்பன் விடுதுங்கறது ஒன்னு. பிரான்ஸ்ல 2019ல எடுத்த கணிப்புல பாதிக்கும் மேல இத நம்புனாங்க, மின்சாரத்துல பெரும்பகுதி அணுவுல இருந்து வர்ற நாடு அது! ஓசோன் ஓட்டையாலதான் பூமி சூடாகுதுங்கறது இன்னொன்னு, ரெண்டும் வேற வேற கதை, ஓசோன அரிச்சது குளிர்சாதனத்துலயும் ஸ்ப்ரேலயும் இருந்த வாயுக்கள், அதுக்கு 1987லயே மான்ட்ரியல் உடன்படிக்கை வந்து நிலைமை மெல்ல தேறிட்டு வருது. வெயில் எவ்ளோ கொளுத்துதோ அவ்ளோ சோலார் கரண்ட்னு நினைப்பாங்க, தகடுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதுக்கு எதிரி, 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3ல இருந்து 0.5 சதவீதம் உற்பத்தி குறையும். ஹைட்ரஜன் காத்துலயும் தண்ணிலயும் இலவசமா கிடைக்குற எரிபொருள்னு ஒரு நம்பிக்கை. தண்ணியில இருந்து அத பிரிக்க உள்ள போடுற சக்தி, திரும்ப எரிச்சா கிடைக்குறத விட அதிகம், இன்னைக்கு உலகத்துல தயாரிக்குற ஹைட்ரஜன்ல பெரும்பகுதி எரிவாயுவுல இருந்தும் நிலக்கரியில இருந்தும்தான் வருது.

ஜப்பான்ல சுனாமியால விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணு உலை தனி ரகம். 2011 மார்ச்ல நிலநடுக்கமும் சுனாமியும் சேந்து 18,000க்கு மேல ஜனங்கள கொண்டுபோச்சு, அந்த எண்ணிக்கைய அப்படியே அணு உலை கணக்குல எழுதி வச்சிருக்குறவங்கள நிறைய பாத்திருக்கேன். கதிர்வீச்சால இறந்ததா ஜப்பான் அரசு ஏத்துக்கிட்டது 2018ல ஒருத்தர. எதிர்ப்பக்கம் சீனாவுல 1975ல பாஞ்சியாவ் அணை உடைஞ்சு பல்லாயிரக்கணக்குல செத்தது, அத யாரும் நீர்மின்சாரத்தோட சேத்தே நினைக்கிறதில்ல.

நம்ம மொழியே உண்டு பண்ற குழப்பமும் இருக்கு, இத வெளிநாட்டு கேள்வித்தாள மொழிபெயர்க்குறவங்க கவனிக்கறதே இல்ல. "கேஸ்"னா சிலிண்டர்ல வர்றதும் அதுதான், குழாய்ல வர்ற இயற்கை எரிவாயுவும் அதுதான், பசுங்குடில் வாயுவும் அதுதான். "இயற்கை எரிவாயு"ன்னு சொன்ன உடனே அந்த இயற்கைங்கற சொல்லு நல்ல பேர் வாங்கிக் குடுத்துடுது, அது பெரும்பாலும் மீத்தேன், எரிக்காம கசிஞ்சா 20 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைட விட 80 மடங்குக்கு மேல சூடேத்தும். "மாசு"ங்கற ஒரே சொல்லுக்குள்ள மூச்சடைக்குற தூசியும் கண்ணுக்கே தெரியாத கார்பனும் ரெண்டுமே அடங்கிடுது. "பவர்"னா மின்சாரம், "கரண்ட்"னாலும் மின்சாரம், "திறன்"னா சில பேருக்கு வேகம், சில பேருக்கு சாமர்த்தியம். வாட், யூனிட் வித்தியாசம் கேக்குறதுக்கு முன்னாடி எந்தச் சொல்லுல கேக்கப்போறோம்னு ரெண்டு தடவை யோசிங்க.

படி 4: கேள்வி எழுதுறது

ஒரு கேள்வியில ஒரு விஷயம். "காத்தாலை விலை கம்மி, மாசும் இல்ல, சரியா தப்பா?" இதுல ரெண்டு இருக்கு, ஒருத்தர் தப்புன்னு சொன்னா எதுக்கு சொன்னார்னு உங்களுக்கு தெரியாது. "பின்வருவனவற்றுள் எது அல்லாதது அல்ல" மாதிரி எதிர்மறைய அடுக்காதீங்க, அது எரிசக்திய விட்டுட்டு கவனத்த சோதிக்கும். "மேற்கூறிய அனைத்தும்" வேணவே வேணாம், அது இருந்தா கண்ண மூடிட்டு அதையே போடுவாங்க, பாதி நேரம் சரியாவும் இருக்கும்.

சரியா தப்பாங்கற வகைய நான் கிட்டத்தட்ட விட்டுட்டேன். காசு சுண்டுனாலே பாதி மார்க், அது போக மனுஷனுக்கு எதிர்ல ஒரு வாக்கியம் இருந்தா "ஆமா"ன்னு தலையாட்டுற சுபாவம் வேற. கட்டாயம் போடணும்னா சரி எவ்ளோ இருக்கோ தப்பும் அவ்ளோ இருக்கட்டும்.

மூணோ நாலோ ஆப்ஷன், கூடவே "எனக்குத் தெரியாது"ன்னு ஒன்னு, இத மறக்கவே கூடாது. அது இல்லாட்டி தெரியாதவங்க எல்லாம் குத்துமதிப்பா போட்டு தெரிஞ்சவங்களோடயும் தப்பா நம்புறவங்களோடயும் கலந்துடுவாங்க, அப்புறம் எந்தக் கணக்கு போட்டும் பிரிக்க முடியாது. தெரியாதுன்னு சொல்றது அவமானம் இல்லன்னு ஆரம்பத்துலயே ஒரு வரி எழுதிடுங்க. சில பேர் ஓரளவு தெரிஞ்சாலும் தெரியாதுன்னு போட்டுடுவாங்க, சில பேர் சுத்தமா தெரியாட்டியும் அடிச்சு விடுவாங்க, அதனாலதான் அடுத்த சமாச்சாரம்.

ஒவ்வொரு கேள்விக்கு அடியிலயும் "எவ்ளோ உறுதி?"ன்னு ஒரு குட்டிக் கேள்வி: குத்துமதிப்பு, ஓரளவு, ரொம்ப உறுதி. நேரம் ஒன்னரை மடங்கு ஆகும், அதனால 20 கேள்வி போடுற இடத்துல 12 போடுங்க. எல்லா வசதியையும் வெட்டச் சொன்னாலும் நான் இத மட்டும் விடமாட்டேன்.

எண் கேக்குற கேள்வியில ஒரு கண்ணி இருக்கு. ஷாஜீன் அத்தாரிங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 2010ல 505 பேர்கிட்ட கேட்டாங்க, 100 வாட் குண்டு பல்பு ஒரு மணி நேரத்துல 100 அலகு எடுக்குதுன்னு வச்சுக்கோங்க, இந்தச் சாதனம் எல்லாம் எவ்ளோ எடுக்கும்னு. சராசரியா 2.8 மடங்கு குறைச்சு சொல்லிருந்தாங்க, சின்ன சாதனத்துல லேசா கூட்டியும் பெரிய சாதனத்துல ரொம்ப குறைச்சும். சேமிக்க என்ன பண்ணலாம்னு கேட்டதுக்கு அஞ்சுல ஒருத்தர் லைட்ட அணைக்கணும்னாங்க. அருமையான ஆய்வு, ஆனா அந்த 100ங்கற எண்ணே பதில் எல்லாத்தையும் தன் பக்கம் இழுத்திருக்கும்னு பின்னாடி விமர்சனமும் வந்துச்சு. அதனால எண்ணுக்குப் பதிலா ஒப்பிட்டுக் கேளுங்க, "எது அதிகம், சுமாரா எத்தனை மடங்கு". ஆப்ஷனையும் 2 மடங்கு, 10 மடங்கு, 100 மடங்குன்னு அகலமா வையுங்க, 40, 45, 50ன்னு நெருக்கி வச்சா அது ஞாபகசக்தி போட்டி.

நான் இப்ப பயன்படுத்துற சில கேள்விகள், எடுத்துக்கோங்க

2000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒரு மணி நேரம் தொடர்ந்து சூடேத்துற மின்சாரத்துல ஒரு ஸ்மார்ட்போன எத்தனை தடவை முழுசா சார்ஜ் பண்ணலாம்? 5, 20, 100க்கு மேல. (போன் பேட்டரி சுமார் 15 வாட் மணி, ஹீட்டர் 2000. இழப்பெல்லாம் போக நூறு தாராளமா தாண்டும். சார்ஜர பிடுங்கி வச்சுட்டு நிம்மதியா ஹீட்டர போடுறவங்களுக்கான கேள்வி.)

1000 மெகாவாட் சோலார் நிலையம், 1000 மெகாவாட் அணு மின் நிலையம், வருஷத்துக்கு எது அதிக மின்சாரம் தரும்? சோலார், அணு, ரெண்டும் ஒன்னுதான். நிறைய பேர் ஒன்னுதான்னு போடுவாங்க. ராத்திரி, மேகம் எல்லாம் போக சோலார் சராசரியா அதோட முழுத் திறன்ல 20 சதவீதம்தான் தரும்னு வச்சா வருஷத்துக்கு சுமார் 1.75 டெராவாட் மணி (ஒரு டெராவாட் மணின்னா 100 கோடி யூனிட்), அணு 90 சதவீதம் ஓடுச்சுன்னா 7.9 கிட்ட வரும், நாலரை மடங்கு. "இவ்ளோ மெகாவாட் நிறுவியாச்சு"ன்னு வர்ற செய்திய ஜனங்க எப்படி படிக்கறாங்கன்னு இந்த ஒரு கேள்வி காட்டிக் குடுத்துடும்.

ஒரே அளவு மின்சாரம் தயாரிக்க, விபத்தும் காத்து மாசும் சேத்துப் பாத்தா எதுல சாவு அதிகம்? அணு, நிலக்கரி, காத்தாலை. உலக அளவுல பரவலா எடுத்துக்காட்டுற மதிப்பீடு ஒரு டெராவாட் மணிக்கு நிலக்கரி சுமார் 25, அணு 0.03, அதுல செர்னோபில் (1986ல சோவியத் யூனியன்ல வெடிச்ச அணு உலை), ஃபுகுஷிமா ரெண்டும் அடக்கம். இந்தக் கேள்விக்கு விளக்கம் குடுக்கும்போது அணுவுக்கு வக்காலத்து வாங்குற மாதிரி எழுதாதீங்க, செலவு, கழிவு, நம்பிக்கைன்னு வேற விவாதம் எல்லாம் அப்படியேதான் இருக்கு, இது ஒரு அளவு மட்டும்.

அப்புறம் கோபுரப் படம். வெள்ளையா ஆவி கக்குற கோபுரத்தோட ஒரு நிலக்கரி மின் நிலையப் படத்த போட்டு "கோபுரத்துல இருந்து வெளிய வர்றது முக்கியமா என்ன?"ன்னு. கார்பன் புகை, கதிரியக்க வாயு, நீராவி, தெரியாது. நிலக்கரின்னு படத்துல எழுதாதீங்க.

விறகு, சாணம் எரிச்சு சமைக்குறது பத்தி கட்டாயம் ஒன்னு இருக்கணும், ஏன்னா எரிசக்தின்னாலே ஜனங்க மின் நிலையத்தத்தான் நினைக்கறாங்க. வீட்டுக்குள்ள வர்ற புகையால 2020ல 32 லட்சம் பேர் இறந்ததா உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கு. "புதுப்பிக்கத்தக்கது, அதனால கெடுதல் இல்ல"ங்கற சமன்பாட்ட உடைக்க இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

படி 5: அஞ்சு பேர்கிட்ட சத்தமா யோசிக்கச் சொல்லி கேளுங்க

கேள்வித்தாள வெளிய விடறதுக்கு முன்னாடி அஞ்சாறு பேர பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொரு கேள்வியையும் படிச்சு மனசுல ஓடுறத வாய்விட்டு சொல்லச் சொல்லுங்க. நான் ஒரு தடவை "அணைகளால் மீத்தேன் வெளியாகுமா?"ன்னு எழுதியிருந்தேன், ஒருத்தர் "அணைகளால்"ங்கறத தீய அணைக்குறதுன்னு எடுத்துக்கிட்டு நாலு நிமிஷம் தீவிரமா யோசிச்சார். நீர்த்தேக்கத்துல மூழ்குன செடிகொடி அழுகி மீத்தேன் வருமாங்கறதுதான் கேள்வி. எனக்கு சிரிப்பு வந்தாலும் தப்பு என் மேலதான். சரியான விடைய தப்பான காரணத்துக்காக போடுறவங்களயும் இதுலதான் பிடிக்க முடியும். அஞ்சு பேர்ல ரெண்டு பேர் ஒரே இடத்துல தடுக்குனா அந்தக் கேள்விய மறுபடி எழுதுங்க, அவங்களுக்கு விளக்கிட்டு விட்டுடாதீங்க.

படி 6: யார்கிட்ட, எப்படி கேக்குறது

லிங்க்க நாலு க்ரூப்புல போட்டா நூறு பேர் நிரப்பிடுவாங்க, ஆனா யார் நிரப்புவாங்க? இதுல ஏற்கனவே ஆர்வம் இருக்குறவங்க. அந்த எண்ண வச்சு "பொதுமக்கள்ல இத்தனை சதவீதம்"னு எழுதுனா அது பொய். எழுதணும்னா "கலந்துக்கிட்ட நூறு பேர்ல"ன்னு நேர்மையா எழுதுங்க. வயசு, படிப்பு, வேலைன்னு கலந்து கட்டி குலுக்கல் முறையில ஆள எடுத்தாத்தான் பிழை அளவு பத்தியே பேச முடியும்: 100 பேருக்கு சுமார் 10 சதவீதம் முன்ன பின்ன, 400க்கு 5, 1000க்கு 3. 400ல இருந்து 1000க்கு போறதுக்கு ஆகுற உழைப்பும் கிடைக்குற லாபமும் பாத்தீங்கன்னா 400லயே நிறுத்திட்டு அத ஒழுங்கா எடுக்கறது மேல்.

ஆன்லைன்னா தேடிப் பாத்து போடுவாங்க, தடுக்க முடியாது. கேள்விக்கு கேள்வி நேரத்த பதிவு பண்ணுங்க, "பாக்காம போடுங்க, மார்க் யாருக்கும் போகாது"ன்னு சொல்லுங்க, பரிசு கிரிசு வைக்காதீங்க. பேர், போன் நம்பர் வாங்காதீங்க, தேவையே இல்ல. முன்னாடி வர்ற கேள்வி பின்னாடி வர்றதுக்கு விடைய போட்டுக் குடுக்குதான்னு பாருங்க, வரிசைய ஆளுக்கு ஆள் மாத்துறது நல்லது.

படி 7: மார்க்க மட்டும் பாக்காதீங்க

இப்ப ஒரு உதாரணம். 200 பேர், ரெண்டு கேள்வி, ரெண்டுலயும் 90 பேர் சரி. முதல் கேள்வியில மிச்சம் 110ல 85 பேர் தெரியாது, 25 பேர் தப்பு. ரெண்டாவதுல 30 பேர் தெரியாது, 80 பேர் தப்பு, அந்த 80ல 60 பேர் "ரொம்ப உறுதி". ரெண்டுக்கும் 45 சதவீதம்தான் மார்க், ஆனா முதல் கேள்விக்கு ஒரு துண்டு நோட்டீஸ் போதும், ரெண்டாவதுக்கு ஏற்கனவே தலைக்குள்ள இருக்குறத பிடுங்கி எறியணும், அப்புறம்தான் புதுச நடணும். எக்செல்ல ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம் போடுங்க: சரி உறுதி, சரி உறுதியில்ல, தெரியாது அல்லது உறுதியில்லாத தப்பு, உறுதியான தப்பு. நாலாவது கட்டத்த பெருசுல இருந்து சிறுசா வரிசைப்படுத்துனா அடுத்து என்ன சொல்லிக் குடுக்கணும்ங்கற பட்டியல் கையில வந்துடும். எந்தத் தப்பு ஆப்ஷன்ல கூட்டம் சேந்துச்சுன்னும் பாருங்க, படி 3ல பிடிச்ச எண்ணம் எவ்ளோ தூரம் பரவியிருக்குன்னு அதுல தெரியும்.

மார்க்க குத்துமதிப்போடயும் ஒப்பிடுங்க. ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்கும் அவரோட கேப்மைண்டர் அமைப்புக்காரங்களும் அடிக்கடி காட்டியிருக்காங்க, மூணு ஆப்ஷன் இருந்தா ஒரு சிம்பன்சி கண்ணமூடி எடுத்தாலே 33 சதவீதம் வந்துடும், படிச்சவங்க கூட்டமே பல கேள்வியில அதுக்கும் கீழ போகுதுன்னு. குருட்டு அதிர்ஷ்டத்துக்கும் கீழ போச்சுன்னா அங்க அறியாமைய தாண்டி ஏதோ தப்புப் பாடம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

கேள்விய கேள்வி கேக்கவும் ஒரு வழி இருக்கு. மொத்த மார்க்குல மேல இருக்குற 27 சதவீதத்தையும் கீழ இருக்குற 27 சதவீதத்தையும் தனியா எடுங்க, ஒரு கேள்விய மேல உள்ளவங்கள்ல எத்தனை சதவீதம் சரியா போட்டாங்க, கீழ எத்தனை, கழிங்க. 30க்கு மேல வந்தா நல்ல கேள்வி, 20க்கு கீழன்னா சந்தேகம், கழிச்சா எதிர்மறையா வந்தா, அதாவது நல்லா தெரிஞ்சவங்கதான் தப்பு போடுறாங்கன்னா, முதல்ல உங்க விடைத்தாள செக் பண்ணுங்க. எனக்கு அப்படி ஒன்னு வந்துச்சு, ஹைட்ரஜன் கேள்வியில நானே விடைய மாத்தி டைப் பண்ணி வச்சிருந்தேன்.

படி 8: விடைய திருப்பிக் குடுங்க, திரும்ப கேளுங்க

கேள்வி கேட்டுட்டு விடை சொல்லாம போறது சரியில்ல, அது போக அவங்க தப்ப நீங்களே இன்னும் ஆழமா பதிய வச்ச மாதிரி ஆயிடும். முடிச்ச கையோட விளக்கம் வரட்டும், ஒரு கேள்விக்கு மூணு வரிக்கு மேல வேணாம், "தப்பு"ன்னு சிவப்புல அடிக்காம "நிறைய பேர் இப்படித்தான் நினைக்கறாங்க, ஏன்னா..."ன்னு அந்தத் தப்பு எங்க இருந்து வருதுங்கறதயும் சேத்து எழுதுங்க. கோபுரத்த பாத்து கதிர்வீச்சுன்னு நினைக்கறவர் முட்டாள் இல்ல, அணு மின் நிலையம் பத்தின செய்தின்னாலே அந்தப் படத்தத்தான் காலங்காலமா போட்டுட்டு வர்றாங்க.

ஒரு ஆறு வாரம் கழிச்சு திரும்ப கேளுங்க, ஆனா அதே கேள்விய இல்ல, அதே எண்ணத்த வேற உடுப்புல. உடனே திருப்பிக் கேட்டா எல்லாரும் தேறிடுவாங்க, அது காலையில படிச்சத சாயங்காலம் ஒப்பிக்குற கணக்கு. ஹீட்டருக்குப் பதிலா ஏசி வையுங்க, சோலார் மெகாவாட்டுக்குப் பதிலா காத்தாலை மெகாவாட் வையுங்க. கோபுரக் கேள்விக்கு நான் ரெண்டாவது தடவை ஒரு அணு மின் நிலையப் படத்தையே போட்டேன், இந்தத் தடவை பேரையும் கீழ எழுதி. முதல் தடவை நீராவின்னு சரியா போட்டவங்கள்ல சில பேர் அந்தப் பேர பாத்ததும் திரும்ப கதிரியக்க வாயுவுக்கு ஓடிட்டாங்க, அதுலயும் "ரொம்ப உறுதி"ன்னு டிக் போட்டு. அடுத்த பதிப்புல ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாம்னு இருக்கேன்.